ஷிஃப்டுக்குப் போனவர்களின் கச்சேரி

நெய்வேலி,
12.3.1977

அன்புத் தம்பி பீர் முகமதுவுக்கு,

துபாயில் நீ சௌக்கியம் என்று உன் அண்ணன் கபார் சொன்னார். எனக்கும் ஒரு வரி போட்டால் விரல் தேய்ந்தா போகும்?

நம் 'கச்சேரிக் குறிப்பு' பத்திரிகை பிய்த்துக்கொண்டு போகிறது. வடலூர் பஸ் ஸ்டாண்டில் வந்த அன்றே தீர்ந்துவிடுகிறது. ஷிஃப்டில் இருந்ததால் வானொலிக் கச்சேரியைத் தவறவிட்டவர்களுக்கு, கேட்டவர் எழுதிக் கொடுக்கலாம் என்று நீ சொன்னபோது சிரித்தவன் நான். இப்போது நான் கேட்டு எழுதுவதை மைன்ஸ் கேன்டீனில் கூட வேலை செய்யும் வேலுமணி உரக்கப் படிக்க, மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். எனக்கு ஷிஃப்ட் விழும் நாளின் கச்சேரிதான் விட்டுப்போகிறது.

பிரியமுள்ள,
சங்கரலிங்கம்


துபாய்,
2.11.1978

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

ஊருக்கு வருகிறவரிடம் ஒரு டேப் ரெக்கார்டர் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஷிஃப்ட் நாளில் மதினியைப் பொத்தானை அமுக்கச் சொல்லுங்கள். நீங்கள் வந்து நிதானமாகக் கேட்டு எழுதலாம். வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வேன்.

எங்கள் அறையில் முறைவைத்துத் தூங்குகிறோம். பாட்டுச் சத்தமே கூடாது. உங்கள் எழுத்தில்தான் எனக்குக் கச்சேரி.

உங்கள் தம்பி,
பீர் முகமது


நெய்வேலி,
20.1.1980

அன்புத் தம்பிக்கு,

பெட்டி நன்றாக வேலை செய்கிறது. கச்சேரி கேட்க எங்கள் குடியிருப்பு பிளாக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறது. "எழுதுறதெல்லாம் இனி எதுக்குங்க, கேசட்டைக் குடுங்க, கேட்டுட்டுத் தர்றோம்" என்றார் வேலுமணி. மந்தாரக்குப்பத்தில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடையும் வந்துவிட்டது.

வடலூருக்குப் போன கட்டு பிரிக்காமலே திரும்பி வந்தது. தை இதழோடு நிறுத்திவிட்டேன். நம் இதழை அடித்துவந்த உங்கள் அச்சகத்தில் கபார் இப்போது கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார். எனக்கு வருத்தம்கூடச் சரியாக வரவில்லை.

சங்கரலிங்கம்


துபாய்,
15.2.1980

அண்ணே,

படித்ததிலிருந்து யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. அந்தப் பெட்டியை அனுப்பியவனே நான்தானே.

அச்சு வேண்டாம். எனக்கு மட்டும் கையால் எழுதி அனுப்புங்கள். மாதம் ஒரு கச்சேரி போதும். கேசட் அனுப்பிவிடாதீர்கள், கேட்க இங்கே வழியில்லை. உங்களை விட்டால் எனக்கு யார் எழுதுவார்கள்?

பீர் முகமது


நெய்வேலி,
6.4.1980

தம்பிக்கு,

உனக்காக வானொலி முன் உட்கார்ந்தேன். கையில் பேனா, பக்கத்தில் பெட்டி. முன்பெல்லாம் ஒரு இடம் தவறினால் போனது போனதுதான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். இப்போது, பதிவாகிறதே, பிறகு கேட்கலாம் என்று மனசு எங்கோ போய்விடுகிறது. பிறகும் கேட்பதில்லை. பெட்டியை மூடிவைத்தும் பார்த்தேன், மனசு அப்படியேதான் இருக்கிறது. மங்களம் பாடும்போது நிமிர்ந்தேன். தாளில் உன் பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை.

உன்மேல் குறையில்லை. அன்பால் அனுப்பினாய். எனக்குக் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

கேட்காததைக் கேட்டதாக உனக்கு எழுத என்னால் முடியாது. இனி கச்சேரி எழுதச் சொல்லாதே. வீட்டு நலம் கேட்டு எழுது. அதற்குப் பதில் போடுகிறேன்.

இப்படிக்கு,
சங்கரலிங்கம்