நூற்றுப் பதினான்காம் வீடு காலி

மார்ச் 3, செவ்வாய்
வாடகை மென்பொருளிலிருந்து குடியிருப்போர் விவரத்தை ஏபிஐ என்னும் மென்பொருள் இணைப்பு வழியாக எடுத்து, குடியிருப்பு நிர்வாகத்தின் புதிய இணையதளத்தில் ஏற்றிவிட்டேன். நாங்கள் வாடகைக்கு இருக்கும் அதே குடியிருப்புதான். மூன்று வாரமாகத் தண்ணி காட்டிய வேலை, இன்று ஒரே மூச்சில் ஓடியது. ஒரு பிழை இல்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மார்ச் 4
முதலாளி பாராட்டினார். மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மார்ச் 5
மாலை வீட்டுக்கு வந்தால் கூடத்தில் முன்பின் தெரியாத தம்பதி. அந்தம்மா எங்கள் சமையலறை அலமாரியைத் திறந்து பார்க்கிறார். கூடவே நிர்வாக மேலாளர்.

"இந்த வீடு காலி சார்."

"நாங்க இருக்கோமே!"

"இருக்கீங்க, சரி. தளத்துல காலின்னு இருக்கே?"

கண் சிகிச்சைக்கு வந்து எங்களோடு தங்கியிருக்கும் மாமனார் சோபாவில் படுத்திருந்தார். அவரைப் பார்த்து அந்தம்மா, "இதெல்லாம் எப்ப எடுப்பாங்க?" என்றார்.

மார்ச் 6
கண்டுபிடித்துவிட்டேன். அடக் கடவுளே! ஒரு தடவைக்கு நூறு வீட்டு விவரம்தான் வரும். மீதிக்கு அடுத்த பக்கம் கேட்கணும். நான் கேட்கவே இல்லை. நூற்றொன்றிலிருந்து எல்லாம் காலியாகிவிட்டது. நாங்கள் நூற்றுப் பதினான்கு.

மறுபடி எடுக்க நிர்வாகம் அனுமதி தரணும். திங்கட்கிழமைதானாம். உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் வீடு போகும். எதை விட?

மார்ச் 7
இன்று நான்கு குடும்பம் வந்து பார்த்தது. எந்த ஜன்னலில் காற்று நன்றாக வரும் என்று மாமா விளக்குகிறார்.

"மாமா, நீங்க யார் கட்சி?"

"கேக்குறாங்க, சொல்லாம இருக்க முடியுமா மாப்பிள்ளை?"

மார்ச் 8
அலமாரி அம்மாவுக்கு வீடு பிடித்துவிட்டதாம். நாளை கையெழுத்து. இவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "நீங்க மறந்ததுக்கு நாம தெருவுக்கா?" என்று அழுதாள். பயமாக இருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மார்ச் 9, திங்கள்
அனுமதி வந்தது. இரண்டு பக்கமும் எடுத்தேன். எல்லா வீடும் சரியாக வந்தது. நூற்றுப் பதினான்கில் மட்டும் என் பெயர் இல்லை — மாமாவின் பெயர்! ஒப்பந்தம் நேற்றைய தேதி.

மேலாளருக்குப் போன் போட்டேன். "பெரியவர் ஞாயித்துக்கிழமையே என் வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டார் சார். இனி ஒரு வருஷத்துக்கு மாத்த முடியாது. நீங்க வீடு தேடுறீங்களா?"

வீட்டுக்கு வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு படிவத்தை எடுத்தார்.

"கூடத் தங்குறவங்க விவரம் கேட்டிருக்காங்க. நீங்க எத்தனை நாள் இருப்பீங்கன்னு போடட்டும் மாப்பிள்ளை?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.