தவுக்கேயின் பத்தியம்

பிப்ரவரி 8, சனி

தவுக்கேயைக் கிளி டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம். போகும்போதும் வரும்போதும் காரில் ஒரு சத்தம் இல்லை. ஆயர் ஈத்தாமில் என் சாப்பாட்டுக் கடை நடந்த காலத்தில் இது வாயை மூடியதே கிடையாது. கல்லாவுக்குப் பக்கத்தில் கூண்டு. இருந்த இடத்திலிருந்தே "தே தாரிக் சத்து" என்று என் குரலிலேயே உள்ளே ஆர்டர் கொடுக்கும். டீ ஆற்றுகிறவரும் நம்பி ஒரு கிளாஸ் தித்திக்கும் பால் டீயைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். வைத்ததை வீணாக்குவானேன் என்று நான் குடிப்பேன். எனக்கு இனிப்பு நீர் வியாதி வந்ததே கிளியால்தான் என்று என் மனைவி மீரா சொல்லிக்கொண்டிருந்தாள். முதலாளி நான், ஆனால் லாரிக்காரர்கள் தவுக்கே என்று கூப்பிட்டது இதைத்தான்.

டாக்டர் சுபத்திரா ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஈரலில் கொழுப்பு கட்டியிருக்கிறதாம். அலகு இப்படி நீண்டு வளர்ந்திருப்பதே அதற்கு அடையாளமாம். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். ரொட்டி சானாய் ஓரம், பருப்புக் குழம்பு, சூரியகாந்தி விதை, டீயில் நனைத்த பிஸ்கட் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயா, இது லாரிக்காரர் சாப்பாடு. இனிமே கடையில விக்கிற பெல்லட் தீவனம்தான், கூட கொஞ்சம் கீரை. விதையைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்துங்க. மாறலைன்னா இந்த வருஷம் தாங்காது."

திரும்பி வரும்போது மகள் ஃபரீஹா காரை ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். என்னுடைய டாக்டரும் என்னிடம் இதையேதான் சொன்னார்.

பிப்ரவரி 9

பிராணிகள் கடைக்குப் போனோம். ஒரு சுவர் முழுக்கப் பெல்லட் பாக்கெட். பெரியது, சிறியது, கலரானது, கலரில்லாதது, பழ வாசனை போட்டது. எதை எடுப்பது? எனக்குத் தலை சுற்றியது. ஹலாலா என்று ஃபரீஹாவைப் பார்க்கச் சொன்னேன்.

"கிளிக்கு எதுக்கு அத்தா ஹலாலு?"

இவ்வளவு வருஷம் நம் கடைச் சோற்றைத் தின்றது, இப்போது போய்க் கண்டதையும் கொடுக்க முடியுமா என்றேன். அவள் சிரித்துக்கொண்டே பாக்கெட்டைத் திருப்பிப் படித்தாள். சோளம், சோயா, கேரட். சரி. கலரானதையே எடுத்தேன். பார்க்க ஐஸ் கச்சாங் மாதிரி, கலர் சர்பத் ஊற்றிய ஐஸ் மாதிரி இருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

பிப்ரவரி 11

தவுக்கேக்குப் பிடிக்கவில்லை. சிவப்பைத் தனியாகப் பொறுக்கி முதலில் வெளியே எறிந்தது. அப்புறம் மஞ்சள். கடைசியில் கிண்ணத்தையே கவிழ்த்தது.

பிப்ரவரி 13

கலர் சாயமெல்லாம் வேண்டாம், சாதாரணப் பழுப்பு நிறமாக, சிறியதாக வாங்குங்கள் என்று டாக்டர் போனில் சொன்னார். வாங்கினேன். உடைந்த ரஸ்க் போல இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். கோழித் தீவன வாசனை. பாவம், அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஃபரீஹா எனக்கு ஓட்ஸ் வைத்தாள். பக்கத்தில் கோசோங் டீ, பால் சர்க்கரை எதுவும் இல்லாமல். அவள் உள்ளே போனதும் டீயைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

பிப்ரவரி 15

இன்று ஒரு யோசனை. கடையில் எதுவும் செல்லுபடியாகவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வோம்? பஞ்சிர். சோறு மிதக்கக் குழம்பை ஊற்றிவிடுவோம். காய்ந்துபோன ரொட்டியைக்கூட அப்படித்தான் காப்பாற்றியிருக்கிறேன். பெல்லட்டுக்கும் அதே வைத்தியம். பருப்புக் குழம்பை இரண்டு கரண்டி ஊற்றினேன்.

தவுக்கே இறங்கி வந்தது! அலகு முழுக்க மஞ்சள். கிண்ணத்தை விட்டு நகரவில்லை. மனசு நிறைந்துவிட்டது. நாற்பது வருஷம் ஊருக்குச் சோறு போட்டவனுக்கு ஒரு கிளியைச் சாப்பிட வைக்கத் தெரியாதா?

பிப்ரவரி 16

கிண்ணத்தைக் கழுவப் போனேன். பெல்லட் அத்தனையும் அப்படியே கிடக்கிறது, குழம்பை மட்டும் சுத்தமாக நக்கியிருக்கிறது.

பிப்ரவரி 17

டாக்டரிடம் திட்டு. எண்ணெயும் உப்பும்தான் அந்த ஈரலுக்கு விஷம் என்றார். குழம்பை ஊற்றியது யார் என்று அவர் கேட்டபோது ஃபரீஹா கூரையைப் பார்த்தாள். எடையும் குறைந்திருக்கிறது. கிளிகள் கூட்டமாகத் தின்கிற ஜாதியாம், அதன் கண் முன்னால் நீங்கள் சாப்பிட்டுக் காட்டுங்கள் என்றார்.

பிப்ரவரி 19

சாப்பிட்டுக் காட்டினேன். அதாவது, வாயருகே கொண்டுபோய் உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, "ம்ம்... நல்லாருக்கு" என்று மென்றேன். மருமகன் சாஜித் சிங்கப்பூரில் வேலை முடிந்து, தினமும் போல எல்லைப் பாலம் தாண்டி அப்போதுதான் உள்ளே நுழைந்தார். என்னைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், மாடிக்குப் போய்விட்டார்.

தவுக்கே தலையைச் சாய்த்து என் தொண்டையையே பார்த்தது. பிறகு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு

மழை. வேலை ஒன்றும் இல்லை. கடை ஞாபகம்.

விடியற்காலையில் கோலாலம்பூர் பஸ் வருவதற்கு முன்னால் மீரா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வருவாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "உப்புப் பாருங்க" என்பாள். முதல் கரண்டி எனக்கு. நான் விழுங்கிவிட்டு "சரி" என்று சொன்ன பிறகுதான் சட்டி முன்பக்கம் வரும். அந்த ஒரு நிமிஷம்தான் நாங்கள் இருவரும் நாள் பூராவும் நின்று பேசுகிற நேரம். அப்புறம் அவள் உள்ளே, நான் கல்லாவில். அவளுக்குக் கோபம் என்றால் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நான் அப்போதும் "சரி" என்பேன்.

கூண்டிலிருந்து தவுக்கே எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். நான் "சரி" என்றதும் கம்பி வழியாக அலகை நீட்டும். அதற்கு முன்னால் நீட்டாது. நோன்பு மாதத்தில் இன்னும் வேடிக்கை. பகலில் நான் வாயில் எதுவும் வைப்பதில்லை என்பதால் அதுவும் தொடாது, ஏதோ நாலு விதையோடு சரி. மஃரிப் பாங்கு சொல்லி நான் நோன்பு திறந்ததும் கூண்டை உலுக்கி எடுத்துவிடும். நோன்பு வைக்கிற கிளி என்று பெயர் வாங்கியது.

மீரா இறந்துபோன பிறகு கரண்டியோடு யாரும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கடையை ஓட்டினேன், மூடினேன், இங்கே மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவளோடு சண்டை போட்ட அந்தக் கொதிக்கிற அடுப்படி எவ்வளவு நன்றாக இருந்தது.

பிப்ரவரி 28

தூக்கினா தவுக்கே நெஞ்செலும்பு கையில குத்துது. விதையைக் குறைச்சாச்சு, பெல்லட்டைத் தொடமாட்டேங்குது. என்னதான் வேணும் ஒனக்கு? பட்டினி போட்டே கொன்னுடுவனோன்னு பயமா இருக்கு. ரொட்டியைக் குடுத்தா ஈரல், குடுக்கலைன்னா பட்டினி. மீரா கையால தின்ன உசுருன்னு இது ஒண்ணுதான் என்கூட இருக்கு. இதுவும் போயிட்டா அந்தக் கடை இருந்துச்சுன்னு சொல்ல யாரு இருக்கா?

ஒரு பிடி விதை போட்டேன். ஃபரீஹா பார்த்தாள். தடுக்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. கூண்டைச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். கடையில் அப்படித்தானே இருந்தது. பேரீச்சம்பழம், கஞ்சி, தண்ணீர். என் தட்டின் ஓரத்தில் ஏன் நாலு பெல்லட்டை வைத்தேன் என்று தெரியவில்லை. நேற்றிலிருந்தே அந்தக் கரண்டி ஞாபகம் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

பாங்கு சொன்னது. பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தேன். தவுக்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு என் தொண்டையைப் பார்த்தது. இதனிடம் அன்றைக்கு ஏமாற்றுவேலை செய்தோமே. என் தொண்டை இறங்குகிறதா இல்லையா என்று பார்த்தே வளர்ந்த கிளிக்குத் தெரியாதா?

பெல்லட்டை வாயில் போட்டேன். மென்றேன். விழுங்கினேன்.

உப்பே இல்லை. மீரா இருந்திருந்தால் சமைத்தவரைக் கூப்பிட்டு நிறுத்தியிருப்பாள். இருந்தாலும் சொன்னேன்.

"சரி."

கம்பி வழியாக அலகு வந்தது. இரண்டாவதை என் விரலிலிருந்து எடுத்தது. காலால் பிடித்துக்கொண்டு கடித்தது, பொடி உதிர உதிரத் தின்றது. மூன்றாவதும். ஃபரீஹா கஞ்சிக் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். நான் அழுதேன், மறைக்கவில்லை.

மார்ச் 3

நாலு.

மார்ச் 9

டாக்டரிடம் சொன்னேன். முதல் தடவை நீங்கள் விழுங்கவே இல்லையா என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எடை ஏறியிருக்கிறது. இப்போது பகலில் கிண்ணத்தில் வைப்பதையும் தின்கிறது. ருசி பார்த்தாகிவிட்டதல்லவா.

ஒரு தொல்லை. மேசையில் நான் எதைத் தின்றாலும் தவுக்கேக்கும் அது வேண்டும். அதனால் பஜ்ஜி மேசைக்கு வருவதில்லை. தேங்காய்ப்பால் ஊற்றாத கஞ்சி, அவித்த காய். முகம் சுளிக்கவும் வழியில்லை, அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. இதெல்லாம் ஃபரீஹாவும் டாக்டரும் சேர்ந்து செய்த வேலையோ என்று சந்தேகம்.

மார்ச் 19

நோன்பு திறந்து, தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். தவுக்கே தன் பங்கைத் தின்று முடித்து அலகைக் கம்பியில் தேய்த்துக்கொண்டிருந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாத கிளி.

"தே தாரிக் சத்து!"

என் குரல். கல்லாவில் நின்ற என் குரல், இருமலும் இழுப்பும் இல்லாமல். கடை நிரம்பியிருந்த ஒரு காலையில் நான் கொடுத்த குரல். அதற்குப் பதில் வரும் என்று உள்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

அடுப்படியிலிருந்து ஃபரீஹா எட்டிப் பார்த்தாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"கோசோங்தான் இருக்கு. பரவால்லையா?"

கொண்டுவந்து வைத்தாள். கிளி என் தொண்டையைப் பார்த்தது. மகளும் பார்த்தாள்.

குடித்தேன். "சரி" என்றேன்.