நிலத்தின் எலும்பு, கடலரசன் மகள்

க்வம்மூர் பண்ணை, ஐஸ்லாந்து
1887, ஏப்ரல் 26

அன்புள்ள தம்பி எய்விந்துக்கு, அண்ணி ஆர்ன்பிரீதூர் எழுதுவது. முன்பு எங்களுக்கு நீங்கள் செய்த நல்லதுக்கெல்லாம் நன்றி. கனடாவில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. ஆடுகளுக்கு வைக்கோல் தீரப்போகிறது.

உங்கள் அண்ணன் ஈஸ்லைபுர் கடலில் போன செய்தியைப் போதகர் எழுதியிருப்பார். மார்ச் பன்னிரண்டாம் தேதி, படகில் ஆறு பேர். ஒருவர்தான் பிழைத்தார். இரண்டு உடல்கள் கரை ஒதுங்கின, அவர் உடல் கிடைக்கவில்லை. நான் இத்தனை நாள் எழுதாததற்கு வேலை காரணமில்லை. கை வரவில்லை.

கிறிஸ்துமசுக்கு முன்னால் அவர் ஒரு பாட்டுக்கதை எழுதி முடித்தார். ஒவ்வொரு பகுதியும் ஒரு பெண்ணை நோக்கிய பாட்டோடு தொடங்குவதும், அவள் பெயரைச் சுற்றி வளைத்துச் சொல்வதும் நம்மவர் வழக்கம்தானே. முன்பெல்லாம் என் பெயரைத்தான் கழுகென்றும் அழகென்றும் பிரித்து ஒளித்து வைப்பார். கழுகு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என் மூக்கைக் காட்டுவார். இந்தத் தடவை, பக்கத்துப் பண்ணை பிராண்டுர் வீட்டில் எல்லோரும் கம்பளி சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது, இப்படிப் பாடினார்: ‘நிலத்தின் எலும்பே, கடலரசன் மகளே, ஒரு மணி நேரம் என் கையில் இருந்தாய், இன்னும் என் கைச்சூடு ஆறவில்லை.’

நிலத்தின் எலும்பு கல், கடலரசன் மகள் அலை. இரண்டும் சேர்ந்தால் ஸ்டெய்னுன். யாருக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பிராண்டுர், “ஒரு மணி நேரந்தானா ஈஸ்லைபுர்? அதுக்கே இம்மாம் பெரிய பாட்டா!” என்றார். வீடே சிரித்தது. அவர் மனைவி என் காதருகே வந்து, “ஹமர் பண்ணை விதவைக்கு வந்த யோகத்தப் பாரேன்டி. எதுக்கும் நீ கதவ இறுக்கிச் சாத்தி வை” என்றாள். அந்த விதவையின் பெயரும் ஸ்டெய்னுன்தான். உங்கள் அண்ணன் சிரிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் யார் அவள் என்று கேட்டேன். “உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்” என்றார். ஒப்புக்கொண்டுவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஏழு வாரம் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா?

பிப்ரவரியில் மீன்பிடிக்குக் கிளம்பினார். வெண்ணெயும் கறியும் வைத்த பெட்டியையும், ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ள இரண்டு கட்டைவிரல் வைத்துப் பின்னிய கையுறைகளையும் வேலைக்காரனிடம் கொடுத்தனுப்பினேன். எல்லைக் கல்வரை கூடப் போய், ‘கர்த்தரின் சமாதானத்தில் போய் வாருங்கள்’ என்று சொல்வது மனைவியின் வேலை. நான் போகவில்லை. அவர் அங்கே நெடுநேரம் நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

படகு கவிழ்ந்த பிறகு ஆறுதல் சொல்ல வந்த போதகர், “இனி அவர் உங்க மக ஸ்டெய்னுன்கூட இருப்பாரும்மா” என்றார். எந்த ஸ்டெய்னுன் ஐயா என்று கேட்டேன். உங்களுக்குத் தெரியாதா என்று திருப்பிக் கேட்டார். மறுநாள் சபைப் பதிவேட்டையே எடுத்து வந்து காட்டினார். ‘ஸ்டெய்னுன், ஈஸ்லைபுரின் மகள். ஒரு மணி நேரம் உயிரோடிருந்தாள். போதகர் வர நேரமில்லாததால் தகப்பனே ஞானஸ்நானம் கொடுத்தார்.’

ஒன்பது வருஷத்துக்கு முன் எனக்குப் பிரசவமானது உங்களுக்கு நினைவிருக்கும். காய்ச்சலில் இரண்டு வாரம் நினைவில்லாமல் கிடந்தேன். கண் விழித்தபோது குழந்தையைப் புதைத்தாகிவிட்டது. இனி அந்தப் பேச்சையே என் காதுபட எடுக்கக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியவள் நான்தான். பெண் குழந்தை என்று மட்டும் தெரியும். பெயர் வைத்தது தெரியாது. உங்கள் அம்மாவின் பெயர் ஸ்டெய்னுன் என்பதுகூட அந்தப் பாட்டைக் கேட்ட அன்றைக்கு என் மண்டையில் உறைக்கவில்லை.

இப்படிச் சுற்றிச் சொல்லும் பெயரைக் கென்னிங் என்கிறோமே, அந்தச் சொல்லைப் பற்றிப் போதகர் நிறையச் சொன்னார். ஒன்றை இன்னதென்று அடையாளம் காண்பதும் அதே சொல்லாம். குழந்தைக்குத் தகப்பன் இன்னார் என்று சொல்வதும், வலியை உணர்வதும் அதன் வேரிலிருந்து வந்தவைதானாம். ஒருவர்மேல் பழி போடுவதற்கும் அதுதான் என்றார். அதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். சத்தியத்தை மீறாமல் மகளைக் கூப்பிட உங்கள் அண்ணனுக்கு வேறு வழி இருக்கவில்லை. நானும் கேட்க வேண்டும் என்றுதான் பாடியிருக்கிறார். ஊரோடு சேர்ந்து நானும் அதைக் கெடுத்தேன்.

ஹமர் பண்ணைக்குப் போய் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் காப்பி கொடுத்தாள்.

தம்பி, படகு கவிழ்வதற்கு முந்தின வாரம் அவர் உங்களுக்கு ஒரு கடிதம் போட்டதாகப் பிழைத்து வந்தவர் சொன்னார். அதில் என்னைப் பற்றி, கோபமில்லை என்பதுபோல ஒரு வரி இருந்தால், அந்த வரியை மட்டும் அவர் எழுதியபடியே எழுதி அனுப்புங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் அந்தக் கடிதத்தைப் பற்றியே எழுத வேண்டாம். பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

கர்த்தர் உங்கள் வீட்டில் ஒருவரையும் குறைக்காமல் காப்பாராக.

உங்கள் அண்ணி,
ஆர்ன்பிரீதூர்