இடம் மாறிய முதல் நாள் உபயம்

புந்தோங், ஈப்போ.

அன்பு மகள் தினேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா. தினமும்தான் வாட்ஸ்அப்பில் பேசுகிறோமே அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவர் காதில் விழாமல் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதனால் அவர் மார்க்கெட்டுக்குப் போன நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, புரை எடுத்த கண் இப்போது நன்றாகத் தெரிகிறதாம், வீட்டுச் சுவரில் அழுக்கு இருக்கிறது என்று என்னைக் குறை சொல்கிற அளவுக்குத் தெரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ தீபாவளிக்கு வந்தபோது அப்பாவுக்கு டேப்லட் வாங்கிக் கொடுத்தாயே, அதை அவர் துணி போட்டு மூடி அலமாரியில் வைத்துவிட்டார். நீ கேட்டால் சார்ஜர் கெட்டுவிட்டது என்பார், அது பொய். நீ ஆசையாக வாங்கிக் கொடுத்ததை ஏன் இப்படிச் செய்தார் என்று உனக்குத் தெரியவேண்டும். சிலிம் ரிவரில் நம் பழைய தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கு எந்த நாள் உபயம் எந்தக் குடும்பத்துக்கு என்று நீ வேலைக்குப் போகிறதுக்கு முன்னால் கட்டம் கட்டமாக ஒரு ஷீட் போட்டுக் கொடுத்தாய் அல்லவா. தோட்டம் கைமாறி சனங்கள் ஆளுக்கொரு திசையாகப் போன பிறகு அந்த ஷீட்டை வைத்துத்தான் கமிட்டிச் செயலாளராக அப்பா எல்லாரையும் கூட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் இருந்த பெரிய கம்ப்யூட்டரில் பெயர், நாள், போன் நம்பர், என்ன படையல் என்று எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். ஏதாவது தப்பாகத் தட்டிவிட்டோம் என்று சந்தேகம் வந்தால் சேவ் பண்ணாமல் மூடிவிட்டு மறுபடி திறப்பார், அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். அந்த கம்ப்யூட்டர் இடத்தை அடைக்கிறது, ஒயர் காலில் தட்டுகிறது என்று கமுந்திங்கில் உன் சித்தி சரளாவின் டியூஷன் வகுப்புக்குத் தூக்கிக் கொடுத்தது நான்தான். டேப்லட் வந்துவிட்டதே, ஷீட்டையும் மகள் அதில் ஏற்றிவிட்டாளே, இந்தக் குப்பை எதற்கு என்று வாய் கொழுத்துப் பேசினேன்.

ஆபரேஷனுக்குப் போகிறதுக்கு முன்னால் திருவிழா வேலையைக் கமிட்டியில் புதிதாகச் சேர்ந்த பவித்ரனிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. புதுப் பிள்ளை, பெயர் தேடக் கஷ்டப்படுவான் என்று அப்பா பெயர்களை அகர வரிசையில் அடுக்கிக் கொடுக்க நினைத்திருக்கிறார். டேப்லட்டில் பெயர்கள் மட்டும்தான் தெரிந்திருக்கின்றன, நாள் எல்லாம் வலது பக்கம் தள்ளினால்தான் வரும். பெயர்களின் மேல் விரலால் இழுத்து வரிசைப்படுத்து என்று அமுக்கியிருக்கிறார். பெயர்கள் மட்டும் மேலும் கீழும் நகர்ந்துவிட்டன, நாட்கள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. அது தானாகவே சேவ் ஆகிவிடுமாம், மூடித் திறக்கிற வைத்தியம் இதில் பலிக்காது. இதொன்றும் தெரியாமல் அப்படியே பவித்ரனுக்கு அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவன் அதைப் பார்த்து நோட்டீஸ் அடித்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டான். நாள் மாறியிருக்கிறதே என்று சிலர் கேட்டார்களாம், செயலாளர் போட்டபடிதான் என்று சொல்லியிருக்கிறான். உன் அப்பா போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

முதல் நாள் கொடியேற்றம் யாருடையது என்று உனக்குத் தெரியும். கோவில் தகரக் கொட்டகையாக இருந்த காலத்திலிருந்து அப்பாவு பெரியப்பா வீட்டுக் கொடிச்சீலைதான் ஏறும். போன வருஷத் திருவிழா முடிந்து பெரியப்பா தவறிய பிறகு, அப்பா பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவர் பெயரை எடுத்துவிட்டு அதே முதல் நாளில் உன் பெரியம்மா ராக்காயி அக்கா பெயரைப் போட்டார். புருஷன் போனால் உபயமும் போய்விடுமா என்று என்னிடம் சொல்லிக்கொண்டேதான் தட்டினார். நோட்டீஸில் முதல் நாளில் வேறு யாரோ பெயர் இருந்தது, அக்கா பெயர் நடுவில் ஒரு நாளுக்குப் போயிருந்தது. மற்றவர்களுக்கு நாள் மாறியதைக் கேட்க ஆள் இருந்தது, ராக்காயி அக்காவுக்காக ஒருவரும் கேட்கவில்லை. தாலி இல்லாதவளைக் கொடிக்கு நிறுத்த வேண்டாம் என்று கமிட்டி முடிவு பண்ணியிருக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அந்த நோட்டீஸைப் பார்த்தேன், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆபரேஷன் ஆன மனுஷனிடம் இப்போது எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன்.

புகை ஆகாது என்று டாக்டர் சொன்னதால் கொடியேற்றத்துக்கு நாங்கள் போகவில்லை. திருவிழா நடுவில் ஒரு நாள் போனபோது அக்கா பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார். என்னக்கா, முதல் நாள் உபயம் முடித்துவிட்டு இன்றைக்கும் நிற்கிறீர்கள் என்று அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார், "நான் வருத்தப்படல தம்பி. நீங்க ஒரு வார்த்தை நேரா சொல்லியிருந்தா நானே ஒதுங்கியிருப்பேன் லா." அப்பாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்த பிறகு அங்கேயே டேப்லட்டைத் திறந்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. விரல் பட்டு மாறிவிட்டது அக்கா, அம்மன் மேல் சத்தியமாக நான் மாற்றவில்லை என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அக்கா சத்தம் போடவில்லை. "அந்த மெசினுக்கு நான் தாலி இல்லாதவள்னு எப்படி தம்பி தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

பழைய கம்ப்யூட்டரில் அக்கா பெயர் முதல் நாளில்தானே இருக்கும், அதைக் காட்டலாம் என்று சரளாவுக்குப் போன் போட்டோம். பிள்ளைகளுக்காக எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டாளாம், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. போன வாரம் இரண்டு பேரும் பாகான் டத்தோவுக்கே போனோம், இப்போது அக்கா அங்கே மகள் வீட்டில்தான் இருக்கிறார். நன்றாகத்தான் கவனித்தார், மீன் குழம்பு வைத்துப் போட்டார், உன்னைப் பற்றிக் கேட்டார். திருவிழாவைப் பற்றி அப்பா ஆரம்பித்தபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கோங்க என்று பேச்சை மாற்றிவிட்டார். கிளம்பும்போது என்னை அறைக்குள் கூப்பிட்டு ஒரு பையைக் கொடுத்தார். மஞ்சள் கொடிச்சீலை, பெரியப்பா சாகிறதுக்கு முன்னாலேயே இந்த வருஷத்துக்கென்று வாங்கி வைத்தது, மடிப்புக் கலையவில்லை. "அடுத்த வருசம் யாரு பேரு வருதோ அவங்ககிட்ட குடுத்துரு புஷ்பா" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், அழுகை வந்துவிட்டதால் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அங்கிருந்தே பழைய ஷீட்டைத் தேடி எடுத்து அனுப்புகிறேன் என்று நீ சொல்வாய். எடுத்தால் அப்பா மனசுக்காக எடு, அக்காவிடம் காட்ட வேண்டாம். நீ பெரியம்மாவுக்கு ஒரு போன் போடு. டேப்லட், கம்ப்யூட்டர் என்று பேச்செடுக்காதே, நாங்கள் பேசிப் பேசி அது சாக்கு மாதிரி ஆகிவிட்டது. சீலை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, அடுத்த வருஷம் கொடிமரத்தடியில் நீங்கள்தான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், அம்மா உங்கள் பக்கத்தில் நிற்பாள், யார் என்ன சொன்னாலும் நகரமாட்டாள் என்று சொல். அதை நான் நோட்டீஸ் வந்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நிறைந்து வாழ அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் போட மறந்துவிடாதே, நம் ஊர் மதிய நேரத்தில் போடு, அப்போதுதான் பெரியம்மா தனியாக இருப்பார்.

உன் அம்மா,
புஷ்பலதா தர்மா