உறுமல் பெட்டி

செவ்வாய்க் கிரகம், வடக்குக் கீரைக்கூடம்

காலை 6.10
எழுதுவது பொறுப்பாளர் பேச்சியம்மாள், படிப்பு ஐந்தாம் வகுப்பு. மூத்த பேரன் அகரன் இதய மருத்துவர். அடுத்தவன் துருவன் கிடார் வாசித்து உலகப் பரிசு வாங்கியவன். பேத்தி வெண்பா இருபத்தாறு வயதில் விண்கப்பல் ஓட்டுகிறாள். இன்று மாலை என்னை ஏற்றிப்போக அவள்தான் வருகிறாள். இங்கே வேலை பார்த்த மற்றவர்கள் புழுதிப் புயலுக்கு முன்பே தலைமைக் கூடம் போய்விட்டார்கள். கீரை நலம்.

காலை 9.40
நிலம் அதிர்ந்தது. இறங்குதளம் நடுவில் பிளந்துவிட்டது. புழுதி மூடியிருப்பதால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. மின்சாரம் எகிறியதில் சூடேற்றி போயிற்று. ரேடியோவில் பேச்சைப் பெரிதாக்கும் பலகையும் கருகிவிட்டது. மற்றவர் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை.

"கூடம், நான் வெண்பா. என்ன அப்பத்தா, பேச்சையே காணோம்? கோவமா? அஞ்சு மணிக்கு இறங்கிருவேன், மூட்டைய கட்டு."

இறங்கினால் கப்பலோடு பிளவுக்குள் போய்விடுவாள்.

காலை 11.15
துருவன் விட்டுப்போன ஃபஸ் பெடலை எடுத்தேன். காலால் மிதித்தால் கிடார் சத்தத்தை உறுமலாகப் பெரிதாக்கும் பெட்டி, என்னைவிட வயதானது. மைக்குக்கும் ரேடியோவுக்கும் நடுவில் கோத்தேன். சத்தமே இல்லை. புது பேட்டரி போட்டேன். ஊஹூம். திறந்து பார்த்தால் ப்ளஸ் கம்பி பெட்டியின் உடம்பில் இருக்கிறது. எவனோ தப்பாக வைத்திருக்கிறான் என்று மாற்றினேன். சுருக்கென்று சுட்டது. பிடுங்கிவிட்டேன். பிறகு பார்த்தால் மூடியின் உள்ளே துருவன் கிறுக்கியிருக்கிறான்: 'இதுல ப்ளஸ்தான் உடம்பு, மாத்தாதீங்க.' அதை வெளியே எழுதினால் என்னடா?

பகல் 1.30
பழையபடி மாற்றினேன். குமிழ் கரகரத்தது. தேங்காய் எண்ணெய் விட்டேன், இன்னும் மோசம். ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன். ஒரு கம்பியின் பற்று விட்டிருந்தது, ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். பேசியது! இரண்டு நிமிடம்தான். மறுபடி ஊமை.

"கூடம், தகரத்த பிராண்டுற மாதிரி கேக்குது. பூனை கீனை வளக்கிறியா அப்பத்தா?"

பூனையாம்.

பகல் 3.20
நான்கு முறை பற்றவைத்தேன். ஒவ்வொரு முறையும் பேசுகிறது, உடனே சாகிறது. உடைத்துவிடலாம் என்று தூக்கினேன். விரல் விறைத்திருந்தது. அப்போதுதான் உறைத்தது. பற்றில் பழுதே இல்லை. பற்றவைத்த சூடு இருக்கிறவரை பேசுகிறது, ஆறினால் வாயை மூடுகிறது. உள்ளே இருக்கும் பழைய டிரான்சிஸ்டருக்குக் குளிர் ஆகவில்லை. மேசையில் என் மூச்சே பனியாகப் படிந்திருக்கிறது. அரை நாளை வீணடித்தேன்.

பேட்டரியில் ஓடும் சூட்டுப் போர்வை ஒன்றுதான் இருக்கிறது. என் தோளிலிருந்து எடுத்துப் பெட்டிக்குச் சுற்றிவிட்டேன்.

மாலை 4.35
"வெண்பா, இறங்காத! தளம் பொளந்து கெடக்கு!"

"அப்பத்தாவா அது? பேய் மாதிரி உறுமுற! சரி, இறங்கல. ஆனா ஒன்ன எப்படி விட்டுட்டுப் போறது? உள்ள சூடு இருக்கா? இல்லேன்னா பாறை மேட்டுலயாவது இறக்கிருவேன்."

பாறை மேட்டில் இறக்கினால் கவிழும். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"வெக்கை தாங்கலடி. விசிறிக்கிட்டு உக்காந்திருக்கேன். புயல் ஓஞ்சதும் வண்டி அனுப்பு, போதும்."

"என்ன விட்டுவிட்டுக் கேக்குது? சிரிக்கிறியா?"

"ஆமா, சிரிக்கிறேன். கெளம்பு."

என் பல் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டி அதையும் உறுமலாக்கி அனுப்பிவிட்டது. காலையிலிருந்து இந்தச் சனியன் செய்த ஒரே உருப்படியான வேலை.

மாலை 6
கப்பல் போய்விட்டது. போர்வை பேட்டரி தீர்ந்தது. கீரை கருத்துவிட்டது. கை கோணுகிறது.

இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: வெக்கையாகத்தான் இருந்தது என்று அவளிடம் சொல்லவும். இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடவும்.

வெண்பா, சுவரில் இருக்கும் உன் படம் பள்ளிக்கூடத்தில் எடுத்தது. ரெட்டைச் சடை. கப்பல்காரி மாதிரியா இருக்கிறது? உடுப்பு போட்டு, தொப்பி வைத்து, சிரித்த மாதிரி புதுசா ஒரு படம் எடுத்துத் தபாலில்