வாசலில் நின்ற வெள்ளைச் சட்டைகள்

அக்கா,

நேற்று என் நெஞ்சில் ஐஸ் மாதிரி ஒரு பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். பயப்படாதே. அக்குறணைக் கல்யாண வீட்டில் பிரியாணிக்கு நான் செய்த அநியாயம், வாயுவாகத் திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். "ஹார்ட் நல்லாத்தான் இருக்கு, வயித்தத்தான் கொஞ்சம் குறைக்கணும்" என்றாள் ஸ்கேன் எடுத்த பிள்ளை. என் உடம்பில் தொப்பை போடாத ஒரே உறுப்பு திரையில் சுருங்கி விரிவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்தப் பசையின் வாசம் உன் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. உன்னுடையது அப்படிச் சுருங்கவில்லை. கீழ்ப்பாதி ஊதிப்போய், அசையாமல் நின்றது.

உன் நெஞ்சு கல் என்றுதான் சொந்தபந்தத்தில் பேச்சு. கலவரத்தில் நம் கடை எரிந்ததைப் பின்தெரு முஸ்லிம் நாநா வீட்டு மேல்மாடியில் ஒளிந்திருந்து பார்த்தோம். அத்தான் அழுதார். நான் அவரைவிடச் சத்தமாக அழுது, நாநாவிடம் அதட்டு வாங்கினேன். நீ மட்டும், "வருசக்கணக்கா விக்காம கெடந்த சரக்கெல்லாம் ஒரே நாள்ல போயிருச்சு பாரு" என்றாய். அந்தக் கவலையிலேயே அத்தான் போய்ச் சேர்ந்தபோதும் நீ கண் கலங்கவில்லை. கரியைக் கூட்டித் தள்ளிவிட்டுக் கடையைத் திறந்தாய். பன்விலவிலிருந்து வந்த உறவுக்காரர்கள் நீ ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "இவ பொம்பளதானா?" என்று கிசுகிசுத்தார்கள். வம்பு என்றால் எனக்கும் இனிக்கும். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

பிறகு யுத்தம் முற்றிய வருடங்கள். கொழும்பில் வேலை பார்த்த உன் மகனை ஒரு சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். மாதக்கணக்கில் உள்ளே கிடந்தான். அப்போதும் நீ அழவில்லை. ஆனால் ஜன்னலை விட்டு நகராமல், மேட்டு வீட்டுக்கு ஏறிவரும் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தாய். எதற்கென்று எனக்குத் தெரியும். நம் ஆட்கள் சாவுச் செய்தியை வாயால் சொல்வதில்லை. ஆம்பிளைகள் வேலையை விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையோடு கூட்டமாக வந்து வாசலில் பேசாமல் நிற்பார்கள். உள்ளேயிருந்து அழுகை எழும்பும்வரை நிற்பார்கள்.

அவனை விடுதலை செய்த அன்று நாங்கள் நாலைந்து பேர் கொழும்பு கோர்ட்டுக்குப் போயிருந்தோம். "போன்ல சொன்னா அம்மா நம்பாது மாமா, நேர்லயே போவோம்" என்றான். கண்டிக்கு வந்ததும் கண்ணாடியில் தன் தாடியைப் பார்த்தான். "இந்தக் கோலத்துல போனா பயந்துரும். நீங்க முன்னால போங்க, நான் சலூனுக்குப் போயிட்டு வாறேன்." எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. உன்னைப் பயமுறுத்தக் கூடாது, அவ்வளவுதானே?

வேலைநாள் பிற்பகலில், கோர்ட்டுக்குப் போட்ட வெள்ளைச் சட்டைகளோடு, நாங்கள் கூட்டமாகப் படியேறினோம். மேடு ஏறியதில் எனக்கு மூச்சு வாங்கியது. வாய் திறக்க முடியவில்லை. ஊர் முழுக்க ஓயாத என் வாய், அக்கா, அன்று பார்த்து வாசலில் ஓய்ந்து நின்றது.

நீ எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாய். அவன் முகத்தைத் தேடினாய்.

"சொல்லாதீங்க" என்றாய்.

"அக்கா, அவன் சலூன்ல இருக்கான்!" என்று கத்தினேன். அதற்குள் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் சரிந்திருந்தாய்.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா விளக்கினார். "குழாயில அடைப்பு ஒண்டும் இல்லை. திடீரெண்டு விழுந்த அதிர்ச்சியில இதயத்தசை ஊதி நிக்குது. ஜப்பான்ல ஒக்டோபஸ் பிடிக்கிற பானை இருக்காம், இதயம் இப்ப அந்த வடிவம், அதின்ர பெயரைத்தான் இந்த நெஞ்சு வருத்தத்துக்கு வச்சிருக்கினம். துக்கம், பயம், சிலருக்குச் சந்தோசமே போதும். கனபேருக்குச் சில கிழமையில பழையபடி வந்திடும். முதல் நாலைஞ்சு நாள்தான் கவனம்."

நீ கண்ணைத் திறந்து, "ஜப்பான் சாமானா? அப்ப நல்லா உழைக்கும்" என்றாய். வார்டே சிரித்தது. உன் மகன் மட்டும் சிரிக்கவில்லை. வழுவழுவென்று மழித்த முகத்தோடு கால்மாட்டில் நின்றான். கையைக் காட்டிக் கூப்பிட்டு, அவன் கன்னத்தைத் தடவினாய்.

"தாடியோடயே வந்திருக்கலாமேடா."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் பின்னேரம் நீ போய்விட்டாய். அவன் உனக்குக் கஞ்சி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தான். சொல்லப் போனது நான்தான், தனியாக, கோடு போட்ட சட்டையில். கஞ்சி பிளாஸ்கோடு படியிறங்க வந்தவன் என்னைப் பார்த்தான். பிளாஸ்கைப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

இப்போது நான் யார் வீட்டுக்குப் போனாலும் தெருமுனையிலிருந்தே, "ஒண்ணுமில்ல, சும்மாதான் வாறேன்!" என்று கத்திக்கொண்டுதான் போவேன். நாய் குரைக்கும். "வந்துட்டாருடி லவுட்ஸ்பீக்கர்" என்று ஜன்னலைச் சாத்துவார்கள். சாத்தட்டும்.

உன் மகன் கனடாவில் இருக்கிறான். தாடி வளர்த்திருக்கிறான், நரைக்கவும் தொடங்கிவிட்டது. ஞாயிறு தவறாமல் எனக்குப் போன் எடுப்பான். அவன் ஹலோ சொல்வதில்லை, நானும் எதிர்பார்ப்பதில்லை.

"ஒண்ணுமில்ல மாமா, எல்லாரும் நல்லாருக்கோம்" என்கிறான். பிறகுதான் நான் மூச்சு விடுகிறேன்.