கட்டப்பட்டதாம், யாரால்?

பள்ளிக் கண்காட்சிப் பலகைகளைப் போர்த்தக் வெளுக்காத கோரா துணி வாங்கப் போயிருந்தேன். இங்கே அமீரகத்தில், அஜ்மான் கடைக்காரர் துணிக்கட்டைப் பிரித்ததும் பருத்தியும் கஞ்சியும் கலந்த அந்த வாடை எழுந்தது. நீ இருந்திருந்தால் மூக்கைத் துணிக்குள்ளேயே நுழைத்திருப்பாய். சின்னத்தறிப்பேட்டை என்ற உன் ஊர், வெள்ளைக்காரன் வாயில் மாட்டிச் சிந்தாதிரிப்பேட்டையான கதையை அவர் கேட்காமலேயே சொல்லியிருப்பாய்.

நான் சமூக அறிவியல், நீ தமிழ். ஆசிரியர் அறையில் ஒரே மேசை. நீ இருந்த கடைசி வருஷம் 'சென்னை வளர்ந்த கதை' பலகைகளுக்கு ஆங்கிலத்திலிருந்து நான் பெயர்த்த தமிழை உன்னிடம் திருத்தக் கொடுத்தேன். கோட்டை கட்டப்பட்டது, வணிகம் பெருக்கப்பட்டது, நகரம் உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு 'பட்டது'க்கு மேலேயும் சிவப்பு மையில் ஒரே கேள்வி: யாரால்?

"தானா மொளைக்கறதுக்கு அது இன்னா காளானாடி?" என்றாய்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உன்னை மடக்கத்தான் புத்தகங்களைப் புரட்டினேன், மடங்கியது நான். துறைமுகமே இல்லாத கரையில் அலை தாண்டிச் சரக்கையும் துரைமாரையும் இறக்கியவர்கள் நம் படகோட்டிகள். கும்பினி வந்ததே துணிக்காக. நெசவாளரையும் சாயக்காரரையும் வண்ணாரையும் வரிச்சலுகை காட்டி வெளியூர்களிலிருந்து அழைத்தது. தெலுங்கு வணிகர் வந்தார்கள், ஆர்மீனியர் வந்தார்கள். வந்தவர்களால் மணல்மேடு பட்டணமானது. ஆனதும் மதிலுக்கு உள்ளே வெள்ளையர், வெளியே கறுப்பர். மனஸ்தாபத்தில் அந்த வெளிப்பக்கத்தார் ஊரைக் காலி செய்து கிளம்பியபோது மட்டும் கோட்டை பின்னாலேயே போய்ச் சமாதானம் பேசியது.

"கட்டட வேலைக்காரங்களை ஊருக்கு வெளிய இறக்கிவிடற சோனாப்பூர் கேம்ப் பஸ்ஸைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மதில்தான் ஞாபகம் வருது" என்றாய். கடைசிப் பலகையை நீயே எழுதினாய்: "நெசவாளர்கள் வந்தார்கள். படகோட்டிகள் கரை சேர்த்தார்கள். கொத்தனார்கள் கட்டினார்கள். நாம் படிக்கும் இந்தப் பள்ளியைக் கட்டியவர்கள் யார்?"

நம் பள்ளி சூப்பர்வைசர் அந்தக் கடைசி வரியை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்தார். அவர் எதிரே சிரித்தாய். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அழுதாய். நான் பக்கத்திலேயே நின்றும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விசா பயம்தான், வேறென்ன. கோடை லீவுக்கு ஊருக்குப் போன உன்னைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்க்கவில்லை.

இந்த வருஷம் அந்த வரியை மறுபடி எழுதினேன், உன் எழுத்தைவிடப் பெரிதாக. நேற்று அதே சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"மேடம், 'பள்ளி கட்டப்பட்டது'ன்னு சிம்பிளா முடிச்சிடுங்க. இந்த மாசம் உங்க கான்ட்ராக்ட் ரினியூவல் வேற இருக்கு."

"எடுக்க மாட்டேன் சார். ஷட்டரிங் அடிச்சது சிவகங்கைக்காரங்க, டைல்ஸ் ஒட்டினது பீகார்க்காரங்க. நம்ம வாட்ச்மேன் கிட்டயே கேட்டுட்டேன். அதையும் கீழ எழுதப் போறேன்."

அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

விசா, வீட்டு வாடகை, மகளின் படிப்பு எல்லாம் கான்ட்ராக்டில் விழும் அந்த ஒரு கையெழுத்தில் தொங்குகின்றன. பயமில்லை என்றால் பொய். ஆனாலும் பலகை நிற்கிறது. இந்த முறை பக்கத்தில் நானும் வாயோடு நிற்கிறேன். 'தங்கள் பணி நீட்டிக்கப்படவில்லை' என்று கடிதம் வரலாம். வரட்டும். அந்தப் 'படவில்லை'க்கு மேலே சிவப்பு மையில் 'யாரால்?' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பேன்.